ஒரு மெஷின், ஐந்து தையல் வேலை: குவில்ட் தைப்பவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே ஒட்டுத்துணி இணைத்துக் குவில்ட் தைக்கிறேன். என் மேசையைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "இத்தனையையும் ஒரே நேரத்திலா தைக்கிறீர்கள்?" என்பதுதான். ஆமாம், அப்படித்தான். அதற்கு அடுத்து வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். அளவுகளை இன்ச்சில் சொல்கிறேன், ஏனென்றால் குவில்ட் முறைகள் பெரும்பாலும் இன்ச் கணக்கில்தான் இருக்கின்றன.

குவில்ட்டுக்கும் சாதாரணப் போர்வைக்கும் என்ன வித்தியாசம்?

குவில்ட்டில் மூன்று அடுக்கு உண்டு. மேலே, துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி. நடுவில், பேட்டிங் எனப்படும் பஞ்சு விரிப்பு. கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஊசி மேலிருந்து அடிவரை இறங்கிப் போகும் தையலுக்குத்தான் குவில்டிங் என்று பெயர். கடைசியில் நாலு ஓரத்தையும் பட்டைத் துணியால் மூடுவது பைண்டிங்.

ஆக, வெட்டுவது, இணைப்பது, அடுக்குவது, குவில்டிங், பைண்டிங் என்று ஐந்து நிலைகள். மற்ற பதில்களில் இவை திரும்பத் திரும்ப வரும்.

ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாமே?

தாராளமாகத் தொடங்கலாம். அப்படித் தைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, காரணம் இதுதான்: ஐந்து நிலைகளுக்கும் தேவைப்படுவது ஐந்து விதமானவை. வெட்டுவதற்குத் தெளிந்த மூளையும் காலியான மேசையும் வேண்டும். இணைப்பதற்கு மெஷினும் தொடர்ச்சியான நேரமும் வேண்டும். அடுக்குவதற்குத் தரை முழுவதும் வேண்டும். குவில்டிங்குக்குத் தோளில் தெம்பு வேண்டும். பைண்டிங்கின் கைத்தையலுக்கு நல்ல விளக்கும் ஒரு நாற்காலியும் போதும், பேசிக்கொண்டே செய்யலாம்.

ஒரே குவில்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், அது குவில்டிங் நிலையில் இருக்கும் வாரம் முழுக்க என் தோளுக்குத்தான் வேலை. தோள் வலித்து உட்கார்ந்த நேரம் அப்படியே வீணாகும். வெவ்வேறு நிலையில் நாலைந்து வேலை இருந்தால், அந்த நேரத்தில் உடம்பும் வெளிச்சமும் எதற்கு இடம் கொடுக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் நான் வேலைகளின் எண்ணிக்கையைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஒரே நிலையில் இரண்டு இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பேன். குவில்டிங்குக்கு இரண்டு குவில்ட் காத்திருந்தால் அவை ஒரே மெஷினுக்காக அடித்துக்கொள்ளும், இரண்டுமே நகராது. வெட்டுவதில் ஒன்று, இணைப்பில் ஒன்று, குவில்டிங்கில் ஒன்று, கைத்தையலில் ஒன்று என்று இருந்தால் நாலும் நகரும்.

இப்போது உங்கள் கையில் என்னென்ன இருக்கின்றன?

ஐந்து. பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்கு 36 இன்ச் சதுரத்தில் சின்ன குவில்ட், இணைக்கும் நிலையில். 60க்கு 80 அளவில் ஒரு கட்டில் குவில்ட், மெஷினில் குவில்டிங் பாதி ஆகியிருக்கிறது. பைண்டிங் மட்டும் பாக்கியுள்ள ஒரு மேசை விரிப்பு. தாள் வைத்துக் கையாலேயே கோர்க்கும் அறுகோணத் துண்டுகள், இதற்குக் கெடு எதுவும் கிடையாது. அப்புறம் வீட்டுப் பழுது வேலைக் கூடை: ஜிப் போன பை, பிரிந்த பேன்ட் மடிப்பு, அறுந்த பட்டன். இந்தக் கூடையையும் ஒரு வேலையாகக் கணக்கில் எடுத்த பிறகுதான் என் நாட்கள் ஒழுங்குக்கு வந்தன. முன்பெல்லாம் அதை "இடையில் முடித்துவிடலாம்" என்று நினைப்பேன். இடை என்று ஒன்று வருவதே இல்லை.

ஒரு நாள் எப்படிப் போகிறது?

காலை வெளிச்சம் வந்ததும் முதலில் வெட்டுவது, அல்லது நிறம் தேர்வது. நிறத்தைப் பகலில்தான் பார்ப்பேன். மஞ்சள் விளக்கில் சாம்பல் நிறமும் இளநீலமும் ஒன்றுபோலத் தெரியும், மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டும் வேறு. வெட்டுவதையும் காலையிலேயே வைத்துக்கொள்ள இன்னொரு காரணம் இருக்கிறது. தப்பாகத் தைத்ததைப் பிரித்துவிடலாம், தப்பாக வெட்டியதை ஒட்ட முடியாது.

உருளும் வட்டப் பிளேடு கொண்ட ரோட்டரி கட்டரும், ஸ்கேலும், அடியில் விரிக்கும் கட்டிங் மேட்டும் வைத்து நாலு அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் வெட்டலாம். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் இந்தக் கட்டரைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு அட்டையில் அச்சு வெட்டி, ஒவ்வொரு துண்டாக வரைந்து, கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் குவில்ட் எதையாவது பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது, அதை வெட்டிய கைகளைப் பற்றித்தான். கட்டரைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் பிளேடை மூடுங்கள், அரை நிமிடம்தானே என்று விடாதீர்கள். உடம்பை விட்டு விலகும் திசையில்தான் வெட்ட வேண்டும்.

வெட்டி முடிந்ததும் துணி ட்ரேக்குப் போகும், மேசை காலியாகும். அடுத்து மெஷின் நேரம். முதல் ஒன்றரை மணி நேரம் குழந்தைக் குவில்ட்டின் துண்டு இணைப்பு. மெஷின் அமைப்பு அதற்கு ஏற்ற மாதிரி இருக்கும்போது வேறு எதையும் அதில் தொடமாட்டேன். பழுதுக் கூடையில் நேர்த்தையல் கேட்கும் சில்லறை இருந்தால் மட்டும் கூடவே ஓட்டிவிடுவேன்.

மதியம் வீடு அடங்கியிருக்கும் நேரத்தில் மெஷின் சத்தம் வேண்டாம். அது இஸ்திரிக்கும், அளந்து சீராக்கி வெட்டுவதற்கும், குறிப்பு எழுதுவதற்கும். பிற்பகலில் பெரிய குவில்ட். ஊசி, நூல், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் குவில்டிங், பத்து நிமிடம் ஓய்வு, மறுபடி முக்கால் மணி நேரம். அதற்கு மேல் கைகள் துணியை வழிநடத்துவதை விட்டு இழுக்க ஆரம்பித்துவிடும். தையலில் அது உடனே தெரியும்.

இரவில் கைத்தையல் மட்டும்தான். மேசை விரிப்பின் பைண்டிங் கொஞ்சம், அறுகோணம் இரண்டு மூன்று. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் இரவு ஒன்பதுக்கு மேல் கட்டரைத் தொடுவதில்லை.

எல்லா நாளும் இப்படியே போகாது. சில நாள் காலை முழுவதும் பட்டன் தைப்பதிலேயே போய்விடும். போகட்டும், அறுகோணம் இரவில் நகர்ந்திருக்கும்.

ஒரு வேலையின் துண்டுகள் இன்னொன்றில் கலந்துவிடாதா?

கலந்திருக்கின்றன. அதிகம் கலப்பது வெள்ளைதான். வெண்மையான வெள்ளை ஒன்று, லேசாகப் பால் நிறம் தட்டிய வெள்ளை ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வெள்ளை. ஒருமுறை இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தேன். மேல்துணியை முழுக்க இணைத்துச் சுவரில் மாட்டிப் பார்த்தபோது நடுவில் பதினொரு சதுரம் மட்டும் அழுக்குப் பட்டது போல் தெரிந்தது. நாலு பக்கமும் தைத்து முடித்த சதுரங்களைப் பிரித்து மாற்ற இரண்டு நாள் ஆயிற்று.

அன்றிலிருந்து ஒரு வேலைக்கு ஒரு ட்ரே. அந்த ட்ரேயில் அதன் துணி, அதன் நூல், வெட்டிய துண்டுகள், மிச்சத் துணுக்குகள். துணுக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குவில்ட் முழுக்க முடிந்த பிறகே மிச்சம் பொதுப் பெட்டிக்குப் போகும். வெட்டிய துண்டுகளை அளவு வாரியாக அடுக்கி, மேல் துண்டில் ஒரு தாளைக் குண்டூசியால் குத்தி வைப்பேன்.

ட்ரேயின் மேல் ஒரு அட்டை. இதுதான் முக்கியம். அதில் பிளாக்கின் (துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு கட்டத்தின்) அளவு, ஊசி எண், நூல், தையல் நீளம், கடைசியாக "அடுத்து செய்ய வேண்டியது" என்று ஒரே ஒரு வரி. "மூன்றாவது வரிசையை நாலாவதோடு சேர்க்கவும், மடிப்பு இடப்பக்கம்" என்கிற மாதிரி. அந்த வரியை எழுதாமல் எந்த வேலையையும் கீழே வைப்பதில்லை. பத்து நாள் கழித்து எடுத்தாலும் யோசிக்காமல் உட்கார்ந்துவிடலாம். கைவிடப்பட்ட பல குவில்ட்டுகள் துணி பிடிக்காமல் கைவிடப்பட்டவை இல்லை. எங்கே விட்டோம் என்பது மறந்துபோனதால் எடுக்கவே தயக்கம் வந்து நின்றவை.

மெஷின் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் அமைப்பை மாற்றுவது தொல்லையாக இல்லையா?

தொல்லைதான். அதனால்தான் ஒரு நாளில் இரண்டு தடவைக்கு மேல் மாற்றாதபடி வேலையைப் பிரிக்கிறேன்.

துண்டு இணைக்க: 80/12 ஊசி, மெல்லிய 50 எண் பருத்தி நூல், தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், கால் இன்ச் ஃபுட். குவில்டிங்கில் நேர்கோடு போட: 90/14 ஊசி, நீளம் 3 மில்லிமீட்டர், வாக்கிங் ஃபுட். வாக்கிங் ஃபுட் மேல்துணியையும் அடியிலுள்ள பல் நகர்த்தும் வேகத்திலேயே நகர்த்தும், அதனால் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காது. வளைவுகளும் பூக்களும் கைபோக்கில் போட வேண்டுமென்றால், துணியை நகர்த்தும் அந்தப் பல்லை இறக்கிவிட்டு, அதற்கான ஃபுட்டைப் பூட்டித் துணியை நாமே நகர்த்த வேண்டும்.

ஒரு நாள் குவில்டிங்குக்காக ஊசியை ஒரு புள்ளி இடப்பக்கம் தள்ளி வைத்திருந்தேன். மறுநாள் காலையில் ஃபுட்டை மாற்றினேன், ஊசியின் இடத்தை மாற்ற மறந்துவிட்டேன். நாற்பது ஜோடி தைத்த பிறகுதான் அளந்து பார்த்தேன். நாற்பதையும் பிரித்தேன். இப்போது மெஷின் அருகிலேயே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: ஊசி, ஊசியின் இடம், நூல், பாபின் (அடிநூல் சுற்றும் சிறு உருளை), ஃபுட், நீளம், பல். வேலை மாறும்போது மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்துவிட்டு, ஒரு துணுக்கில் தைத்து அளந்த பிறகே தொடங்குவேன்.

பாபினை முன்கூட்டியே ஐந்தாறு சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புக்கு வெளிர்சாம்பல் நூல் ஏறக்குறைய எந்த நிறத்தோடும் ஒத்துப்போகும். நிறத்துக்கு நிறம் நூல் மாற்ற வேண்டியதில்லை.

கால் இன்ச் என்று ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தில் கால் இன்ச் துணி விட்டுத் தைக்க வேண்டும். அது கூடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தைக் குவில்ட்டில் ஒரு வரிசைக்கு ஆறு பிளாக், பிளாக்குக்குக் குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என்று ஒன்பது சதுரம். அதாவது குறுக்கே 18 சதுரம், அவற்றுக்கு இடையில் 17 தையல். தையலுக்கு விடும் துணி ஒவ்வொரு தையலிலும் 1/16 இன்ச் கூடினால், இரண்டு பக்கத் துணியும் சேர்ந்து 1/8 இன்ச் காணாமல் போகும். 17 தையலுக்கு 2 இன்ச்சுக்கு மேல். கண்ணுக்கே தெரியாத பிழை, போர்வையில் இரண்டு இன்ச்சாக வந்து நிற்கும். அது எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி வந்தாலாவது சமாளிக்கலாம். ஒரு வரிசையில் கூடி ஒரு வரிசையில் குறைந்தால் மூலைகள் சேராது.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டிப் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக 1 இன்ச்சும் மொத்த அகலம் மூன்றரை இன்ச்சும் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் மடிப்பும் நூலும் ஒரு மயிரிழை இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்த மயிரிழையை விட்டுக்கொடுத்து, ஓரத்தில் கால் இன்ச்சைவிடச் சற்றுக் குறைவாகத் துணி விட்டுத் தைத்தால் அளவு சரியாக வரும்.

36 பிளாக், 324 சதுரம். ஒவ்வொன்றாகவா தைக்கிறீர்கள்?

இல்லை. இரண்டரை இன்ச் அகலப் பட்டைகளைத் துணியின் முழு அகலத்துக்கும் வெட்டி, மூன்று மூன்றாக நீளவாக்கில் தைத்துவிடுவேன். பிறகு அதை இரண்டரை இன்ச்சுக்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டினால், மூன்று சதுரம் ஏற்கெனவே சேர்ந்த துண்டு கிடைக்கும். 40 இன்ச் நீளத்தில் 16 துண்டு வரும். 36 பிளாக்குக்கு 108 துண்டு வேண்டும். ஏழு செட் பட்டை போதும், கொஞ்சம் மிஞ்சும். சதுரம் சதுரமாகத் தைத்திருந்தால் 216 குட்டித் தையல், இப்படிச் செய்தால் 14 நீளத் தையல்.

மிச்ச இணைப்பைச் சங்கிலியாகத் தைப்பேன். ஒரு ஜோடி ஊசியைத் தாண்டியதும் நூலை வெட்டாமல் அடுத்த ஜோடியை உள்ளே விடுவது. தோரணம் மாதிரி பின்னால் தொங்கிக்கொண்டே போகும். கடைசியில் நறுக்கிக்கொள்ளலாம்.

தையலைத் தொடங்கும் இடத்தில் துணியின் மூலை பல்லுக்குள் போய்ச் சிக்குகிறது. என்ன செய்வது?

முதலில் ஒரு துணுக்கைத் தைத்து, அதன் வாலிலேயே உங்கள் துண்டை விடுங்கள். வரிசை முடிந்ததும் மறுபடி ஒரு துணுக்கு. நூல் உருண்டை கட்டாது, நூலும் மிச்சமாகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். அந்தத் துணுக்கு சும்மா துணுக்காக இருக்க வேண்டியதில்லை. இரண்டு இன்ச் சதுரங்களை, வெளிர் ஒன்று அடர் ஒன்று என்று, மெஷின் பக்கத்தில் ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது ஒரு ஜோடி, முடிக்கும்போது ஒரு ஜோடி. வேறு ஒரு குவில்ட்டைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே, தனியாக நேரமே ஒதுக்காமல் இந்த ஜோடிகள் சேர்ந்துகொண்டே வரும். சில மாதங்களில் இன்னொரு மேல்துணிக்குத் தேவையானது டப்பாவில் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு குவில்ட் தைப்பதில் இதைவிட லகுவான வழியை நான் பார்த்ததில்லை.

இஸ்திரியை எப்போது போடுவது?

ஒவ்வொரு தையலுக்குப் பிறகும், அடுத்த தையல் அதைக் குறுக்கே தாண்டுவதற்கு முன். பெட்டியை வைத்து எடுக்க வேண்டும். தேய்த்து இழுத்தால், மூலைவாட்டில் வெட்டிய ஓரங்கள் நீண்டு அலையலையாகும். தையலுக்கு விட்ட ஓரத்துணியின் மடிப்பை அடர்நிறத் துணியின் பக்கம் சாய்த்தால் வெளிர் துணிக்குள் நிழல் தெரியாது. அடுத்தடுத்த வரிசைகளில் மடிப்பை எதிரெதிர்ப் பக்கம் சாய்த்துவிட்டால், இரண்டு தையலும் சந்திக்கும் இடத்தில் ஒன்றில் ஒன்று பொருந்தி நிற்கும், குண்டூசிகூட அநேகமாகத் தேவைப்படாது.

தனித் தையல் அறை இல்லாமல் இதெல்லாம் முடியுமா?

எனக்கும் தனி அறை இல்லை. சாப்பாட்டு மேசைதான் என் மேசை. ட்ரேக்கள் அலமாரியில் ஒன்றின் மேல் ஒன்றாக. கட்டிங் மேட் கட்டிலுக்கு அடியில் தட்டையாகக் கிடக்கும். அதை வெயிலில் சாய்த்து வைக்காதீர்கள், சூடான இஸ்திரிப் பெட்டியையும் அதன் மேல் வைக்காதீர்கள், வளைந்துவிட்டால் நிமிராது. பிளாக்குகளை வரிசைப்படுத்திப் பார்க்கச் சுவரில் ஒரு ஃபிளானல் துணியைத் தொங்கவிட்டிருக்கிறேன், பருத்தித் துண்டுகள் ஊசியில்லாமலே அதில் ஒட்டி நிற்கும்.

துணியை முதலிலேயே துவைக்க வேண்டுமா?

இரண்டு கட்சி உண்டு. நான் துவைக்கும் கட்சி, குறிப்பாக அடர்சிவப்பும் அடர்நீலமும் இருந்தால். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் தனியாகத் துவையுங்கள். ஒரு குவில்ட்டில் துவைத்ததையும் துவைக்காததையும் கலக்காதீர்கள். வேறுவேறு அளவில் சுருங்கித் தையலை இழுக்கும்.

பேட்டிங் எதை எடுப்பது?

பருத்தி தட்டையாக விழும், கையால் தொட இதமாக இருக்கும், துவைக்கும்போது சுமார் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் பழைய குவில்ட்டுகளுக்கு உள்ள சுருக்கச் சுருக்கமான அழகைத் தருகிறது. பாலியஸ்டர் எடை குறைவு, சுருங்காது. கம்பளி உப்பலாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். எதை வாங்கினாலும் உறையைத் தூக்கி எறிவதற்கு முன் ஒன்றைப் படியுங்கள்: தையல் வரிகளுக்கு இடையில் அதிகபட்சம் எத்தனை இன்ச் விடலாம் என்று அதில் போட்டிருக்கும். அதைவிட அதிகமாக விட்டால் பஞ்சு உள்ளே நகர்ந்து கட்டிகட்டியாகிவிடும். அந்த எண்ணை ட்ரே அட்டையில் எழுதிக்கொள்வேன்.

கட்டில் அளவு குவில்ட்டைச் சின்ன மெஷினில் எப்படி அடக்குகிறீர்கள்?

அடக்குவது மெஷினுக்கு முன்பே, தரையில் தொடங்குகிறது. அடித்துணியைப் பின்பக்கம் மேலே இருக்கும்படி தரையில் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுவேன். சுருக்கம் இல்லாமல் இருக்க வேண்டும், இழுபட்டும் இருக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கி, அடிப்பக்கம் மடிப்பு மடிப்பாகும். அடித்துணியும் பேட்டிங்கும் மேல்துணியைவிட நாலு பக்கமும் சில இன்ச் கூடுதலாக இருக்கட்டும். அதன் மேல் பேட்டிங், அதன் மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நாலு இன்ச்சுக்கு ஒரு ஊக்கு. 60க்கு 80 என்றால் சுமார் 300 ஊக்கு. முழங்கால் கேட்கும், ஆனால் இந்த ஒரு மணி நேரத்தில் அவசரப்பட்டால் அதன் பலன் குவில்ட்டின் அடிப்பக்கத்தில் கடைசிவரை இருக்கும்.

மெஷினில், முதல் கோடு நடுவில். அங்கிருந்து ஒரு பக்கமாக வெளியே வந்து, குவில்ட்டைத் திருப்பி, மறுபடி நடுவிலிருந்து அடுத்த பக்கம். இப்படிப் போனால் மெஷினின் கழுத்துக்குள் ஒருபோதும் பாதிக்கு மேல் இருக்காது. அந்தப் பாதியைச் சுருட்டி உள்ளே விடலாம். எடைதான் உண்மையான எதிரி. குவில்ட் மேசையிலிருந்து தொங்கினால் ஊசியிடம் துணி இழுபட்டு, தையல் ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் நீளும். இடப்பக்கமும் பின்பக்கமும் இன்னொரு மேசையோ இஸ்திரிப் பலகையோ போட்டுத் தாங்கிக்கொடுங்கள். நான் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிடுவேன், துணி பின்னால் விழாது.

பேட்டிங் தைக்கும் நாட்களில் இரண்டு மூன்று பாபினுக்கு ஒருமுறை ஊசித்தட்டைத் திறந்து பிசிறைத் துலக்குங்கள். ஊசியையும் எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஒரு ஊசியை மிச்சம் பிடிக்கப் போய் துணியில் இழை இழுபடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பைண்டிங்குக்கு எவ்வளவு துணி வேண்டும்?

நாலு பக்கத்தையும் கூட்டுங்கள், மூலைக்கும் இணைப்புக்கும் 20 இன்ச் சேருங்கள். 60க்கு 80க்கு 280, அதோடு 20, மொத்தம் 300 இன்ச். 40 இன்ச் அகலத் துணியில் இரண்டரை இன்ச் பட்டை எட்டு வெட்டினால் போதும், அதாவது 20 இன்ச் துணி. பட்டைகளை நேராக இணைக்காமல் மூலைவாட்டில் இணைத்தால் கனம் ஒரே இடத்தில் சேராது. நீளவாக்கில் இரண்டாக மடித்து, முன்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் மடக்கி நூல் தெரியாமல் கையால் ஹெம்மிங். மூலைக்குக் கால் இன்ச் முன்பே நிறுத்தி, பட்டையை மேலே மடித்துக் கீழே இறக்கினால் மூலை சட்டம் மாட்டியதுபோல் வரும். பெரிய குவில்ட்டுக்கு என் கைக்கு மூன்று நாலு இரவு ஆகும். அந்த இரவுகளை நான் வேறு எதற்கும் கொடுக்கமாட்டேன், குவில்ட் மடியில் கிடந்து சூடு கொடுக்கும்போதே அதை முடிப்பது தனிச் சுகம்.

தைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால்?

கையிலுள்ள தையலை முடித்துவிட்டு எழுந்திருங்கள். குவில்டிங் என்றால் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்துங்கள், திரும்பி வரும்போது கோடு அப்படியே தொடரும். எழும்போதே அடுத்த ஜோடியை ஃபுட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவேன். இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணையுங்கள், இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று நினைத்தாலும்.

முதுகும் கழுத்தும் வலிக்கிறதே?

இஸ்திரிப் பலகையைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். எழுந்து நாலடி நடந்தால்தான் எட்டும் என்று வையுங்கள். தையலின் இடையிலேயே எழுந்து நடப்பது தானாக நடந்துவிடும். வெட்டும் மேசை இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். குனிந்து வெட்டியதில்தான் எனக்கு முதுகுவலியே வந்தது, தைத்ததில் இல்லை.

ஒரு தப்பைப் பிரிப்பதா, விட்டுவிடுவதா?

அளவைப் பாதிக்கும் தப்பு என்றால் உடனே பிரிக்கிறேன், அது அடுத்த தையலுக்கும் போய்ச் சேரும். ஒரு மூலை கொஞ்சம் விலகியிருக்கிறது, அவ்வளவுதான் என்றால் விட்டுவிடுவேன். பிரிக்கும்போது ஒரு பக்க நூலை மூன்று நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டிவிட்டு மறுபக்க நூலை இழுத்தால் துணி கிழியாது. களைத்த நேரத்தில் பிரிக்காதீர்கள், கருவியின் முனை துணியில் இறங்கிவிடும். காலையில் பிரியுங்கள்.

குழந்தைக்குத் தைப்பதில் தனியாகக் கவனிக்க வேண்டியது?

பட்டன், மணி, தொங்கும் ரிப்பன் எதுவும் வேண்டாம். தையல் வரிகள் நெருக்கமாக இருக்கட்டும், அடிக்கடி துவைபடும். ஊக்குகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையோ குவில்ட்டோ இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. ஆகவே இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, தரையில் விரித்துக் கவிழ்ந்து விளையாட. கெடு உள்ள வேலை இது ஒன்றுதான் என்பதால் வாரத்தின் முதல் மெஷின் நேரம் எப்போதும் இதற்குத்தான்.

மாதக்கணக்கில் தொடாத வேலையை என்ன செய்வது?

வெளியே எடுத்து, பகல் வெளிச்சத்தில் விரித்து, அடுத்த ஒரே ஒரு வேலை என்ன என்று பாருங்கள். அதைச் செய்ய மனம் வந்தால் அட்டையில் எழுதி வரிசையில் சேருங்கள். வராவிட்டால் அளவைக் குறையுங்கள். கட்டில் குவில்ட்டாகத் திட்டமிட்டு பன்னிரண்டு பிளாக்கோடு நின்ற ஒன்றை நான் மடியில் போடும் சின்னப் போர்வையாக முடித்தேன், மிஞ்சிய பிளாக் மூன்று குஷன் உறையாயிற்று. அதுவும் வேண்டாம் என்றால் தைக்கும் இன்னொருவருக்கு ட்ரேயோடு கொடுத்துவிடுங்கள், அட்டையையும் சேர்த்து.

அப்படியானால் புதிதாக ஒன்றை எப்போது தொடங்குவீர்கள்?

ஒரு ட்ரே காலியாகும்போது. மேசை விரிப்பின் பைண்டிங்கில் இன்னும் ஒன்றரைப் பக்கம் பாக்கி. அது முடிந்ததும் அந்த ட்ரேயைத் துடைத்துவிட்டு, அலமாரியில் மடித்து வைத்திருக்கும் பச்சைத் துணியைக் காலை வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கப்போகிறேன்.